பக்கத்து சீட்டில் ஒரு விருந்தாளி

வண்டியில் ஓயாமல் எரியும் எச்சரிக்கை விளக்கைக் கண்டு வயரிங்காரன் கவலைப்பட்டதே இல்லை. பழுது நிலையாக இருந்தால் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்து ஒயர் ஒயராகத் தேடிப் பிடித்துவிடலாம். வந்து போகும் பழுதுதான் ஆளைக் கொல்லும். பட்டறையில் அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டிக்காரர் வீட்டிலிருந்து கிளம்பும்போது விளக்கு எரியும். பட்டறை வாசலை மிதித்ததும் அணைந்துவிடும். "இப்பதாங்க எரிஞ்சுது, சத்தியமா" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

"உனக்குப் பதிலா ஒரு மந்திரவாதிய உக்கார வெச்சிருக்கலாம்டா" என்பான் டிங்கர். பக்கத்துக் கொட்டகையில் நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறவன். "வண்டி உன் மூஞ்சியப் பாத்ததும் பேய் ஓடிடுது. அப்புறம் எதுக்கு உனக்கு இவ்வளவு மீட்டரு?"

அவன் பதில் சொல்லமாட்டான். பேச்சு அவனுக்கு வராது என்பதில்லை, பேச்சில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. எப்போது எரிந்தது, எந்த ரோட்டில் எரிந்தது என்று வண்டிக்காரரைக் கேட்டால் அவர் நினைவில் இருப்பதைச் சொல்வார், இல்லாததையும் சேர்த்துச் சொல்வார். வண்டிக்குள் இருக்கும் கணினி அப்படிச் செய்யாது. என்ன பழுது, இப்போது இருக்கிறதா, முன்பு இருந்து போய்விட்டதா என்று மட்டும் சொல்லும். ஸ்கேனரைச் செருகி அதைப் படிப்பான். படித்ததை அழித்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்புவான். சில நாள் கழித்து வரச்சொல்லி மறுபடியும் படிப்பான். விருந்தாளி மறுபடி வந்திருந்தால் அதன் நடமாட்டம் பிடிபடும். அழித்துவிட்டுக் காத்திருப்பது, அதுதான் அவன் தொழில்.

ஒருநாள் காலை அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்.

"என்னங்க, என் வண்டியில ஒரு சிவப்பு லைட்டு வந்து வந்து போகுது."

"எந்த லைட்டு?"

"ஒரு ஆளு உக்காந்திருக்கான். வயித்துக்கு முன்னாடி பெருசா ஒரு பந்து. நெறமாசக்காரி மாதிரி."

"ஏர்பேக் லைட்டு."

"அதான். நீங்க பாத்து வைங்க. நெறமாசக்காரிய எத்தன நாளைக்கு அலைய விடுறது."

அவன் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அது ஒன்றுதான் என்று பிற்பாடு தோன்றியது.

விடுமுறை நாளில் வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்கேனரைச் செருகினான். முன் வரிசையில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட், அதன் பக்கவாட்டு ஏர்பேக், இணைப்பில் தடை அதிகம். முன்பு இருந்தது, இப்போது இல்லை. இது குழந்தைகூடக் கண்டுபிடிக்கும் விருந்தாளி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்சாரம் வடிய நேரம் கொடுத்து, டார்ச்சோடு சீட்டுக்கடியில் தலையை விட்டான். ஏர்பேக்கின் பிளக் எல்லா வண்டியிலும் மஞ்சளாகத்தான் இருக்கும், யாரும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த மஞ்சள் பிளக்குக்குப் போகும் ஒயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்திருந்தது. சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்தான், ஒயர் தளர்வாகத் தொங்கியது. பின்னால் இழுத்தான். நகரும் தடத்தின் கடைசிப் பல்லில் சீட் போய் உட்கார்ந்ததும் ஒயர் நாண் மாதிரி விறைத்து பிளக்கைக் கோணலாக இழுத்தது.

இடுக்கியை எடுக்கப் போன கை நின்றது.

அந்த சீட்டை யாரும் பின்னால் தள்ளுவதில்லை. வாராவாரம் மாமியாரை முழங்கால் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும். அவர் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பதற்காக அது எப்போதும் முன்னால்தான் கிடக்கும். எல்லாரும் சேர்ந்து போகும் நாட்களில் அவன் ஓட்டுவான், மனைவி முழங்கால் இடிக்க உட்கார்ந்து முணுமுணுப்பாள். மற்ற நாட்களில் அவள் தனியாக ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாள். பக்கத்து சீட்டில் அவளுடைய கைப்பை மட்டும்தான் இருக்கும். கைப்பைக்கு முழங்கால் கிடையாது.

அப்படியென்றால் யாரோ உட்காருகிறார்கள். நீளமான கால் உள்ள யாரோ. இறங்கிப் போன பிறகு சீட்டை அவள் ஞாபகமாக முன்னால் தள்ளி வைக்கிறாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" வாசற்படியில் நின்று கேட்டாள். கையில் துவைத்த துணி இருந்தது.

அவன் சீட்டுக்கடியிலிருந்து தலையை எடுத்தான். நெற்றியில் தூசு.

"பாக்கணும்."

"விருந்தாளியா?" பட்டறைப் பேச்சு அவளுக்கும் தெரியும்.

"ஆமா."

பேட்டரியை மாட்டினான். பழுதின் பதிவை அழித்தான். இடுக்கியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினான். ஒரு நல்ல கிளிப்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முடிந்துபோகிற வேலை. அதை அவன் செய்யவில்லை.

அவளுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில் வேலை. வண்டி மோதியவர்களும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களும் நாள் முழுக்க அவள் காதில் கத்துவார்கள். அங்கே அவளுக்கு மேலாளர் ஒருவர் உண்டு. ரொம்ப உயரம். அலுவலகத்தில் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். "இன்னிக்கு ஒட்டகம் லிஃப்டு கதவுல தலைய இடிச்சுக்கிச்சு" என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பாள். அவனும் சிரித்திருக்கிறான். இப்போது அந்தக் கதைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு மனிதன் எங்கே தலையை இடித்துக்கொள்கிறான் என்று ஒரு பெண் எதற்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

அன்றிலிருந்து சாயங்காலம் அவள் உள்ளே போய் முகம் கழுவும் நேரத்தில் வண்டியைத் துடைக்கிற சாக்கில் கதவைத் திறந்து ஸ்கேனரைச் செருகினான். படித்ததும் அழித்துவிடுவான். சில நாள் பதிவு இருந்தது. சில நாள் இல்லை. இருந்த நாளில் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தான். இல்லாத நாளில் இன்றைக்கு ஏன் இல்லை, சண்டையா, அவனுக்கு வேறு வேலையா என்று ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவளே, "இன்னிக்கு ஒட்டகம் லீவு, ஆபீஸே காத்தாடுச்சு" என்றாள். அவன் மனம் லேசானது. வாசலுக்குப் போய்ப் படித்தான். பதிவு இருந்தது. லீவு போட்டவனுக்குத்தானே வருவதற்கு வசதி என்று மனம் உடனே சொல்லிக் கொடுத்தது. பொறாமைக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் உண்டு என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

மறைக்க விஷயம் இருக்கிறவள் விளக்கைப் பற்றி அவளாகவே ஏன் வந்து சொல்கிறாள்? இந்தக் கேள்வியும் அவனுக்கு வந்தது. அதற்கும் பதில் கிடைத்தது. விளக்கு எதைக் காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அந்த எண்ணத்தில் ஒரு கசப்பான பெருமைகூட இருந்தது.

பட்டறையில் ஒரு மதியம் டிங்கரிடம் ஒரு கஸ்டமர் வண்டி என்று ஆரம்பித்தான். சீட்டு, ஒயர், விளக்கு எல்லாவற்றையும் சொன்னான்.

"அதுக்கென்ன, ஒயரக் கட்டி அனுப்பு."

"யாரு சீட்ட தள்ளுறாங்கன்னு தெரியணும்."

"அது எதுக்கு உனக்கு? நீ வயரிங்கா, வேவுக்காரனா?"

"கஸ்டமர் கேக்குறான்."

"அவன் பொண்டாட்டிகிட்ட போய்க் கேக்கச் சொல்லு. வாய வாடகைக்கா விட்டிருக்கான்?"

வயரிங்காரன் கையிலிருந்த டேப்பைச் சுற்றுவதை நிறுத்தினான். "பொண்டாட்டின்னு நான் சொல்லவே இல்லையே."

டிங்கர் அவனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சுத்தியலை எடுத்துக் கதவைத் தட்டத் தொடங்கினான். அன்றைக்கு முழுவதும் கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம் ஒரு பெருமழை. விருந்தாளி வந்துவிட்டால், சீட்டை முன்னால் தள்ளினாலும் என்ஜினை அணைத்துப் போடும்வரை விளக்கு எரிந்துகொண்டேதான் வண்டி ஓடும். அது எரியும்போது இடித்தால் ஏர்பேக் பலூன் எதுவும் விரியும் என்று உறுதி கிடையாது, பக்கத்து சீட்டுக்கு மட்டுமல்ல, ஓட்டுகிறவளுக்கும். இது அவனுக்கு நன்றாகத் தெரியும், கஸ்டமர்களுக்கு விரலை நீட்டிச் சொல்கிற விஷயம். அன்று குடையோடு கேட்டருகே நின்றான். தெரு முழுக்கத் தண்ணீர். அவள் வண்டியின் விளக்குகள் முனையில் திரும்பியபோதுதான் மூச்சு வந்தது. நனைந்த கதவைத் திறந்து விட்டான், அவள் பையை வாங்கினான், தலையைத் துவட்டச் சொன்னான். அவள் உள்ளே போனதும் அதே குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஸ்கேனரைச் செருகினான்.

பதிவு இருந்தது. அந்த மழையிலும் இருந்தது.

மறுநாள் அவன், "உன் பேட்டரிய ஒரு தடவை பாக்கணும். சாயங்காலம் ஆபீஸுக்கே வந்துடுறேன்" என்றான்.

"அவ்வளவு தூரமா? பஸ்ஸுலயா?"

"சும்மாதானே இருக்கேன்."

அவன் சும்மா இருந்ததே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை.

அலுவலகத்துக்குக் கீழே, தூண்கள் நிறைந்த நிறுத்துமிடத்தில் மாற்றுச் சாவியைப் போட்டுத் திருப்பி, வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். லிஃப்டிலிருந்து அவள் வந்தாள். பின்னாலேயே, கதவுக்குத் தலையைத் தாழ்த்தி, ஒட்டகம். கதைகளில் கேட்டதைவிட உயரம். உயரத்துக்காக மன்னிப்புக் கேட்பதுபோலத் தோள்களைக் குறுக்கி நடந்தார். நடுவயது. சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு.

"சார், வணக்கம். மேடம் சொல்லியிருக்காங்க, நீங்க ஒயரத் தொட்டா வண்டி வாயத் தொறந்து பேசுமாமே."

"எப்பவாவது பேசும்" என்றான். பிறகு, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். "சார், ஒரு உதவி. அந்த சீட்டுல கொஞ்சம் உக்காந்து காட்டுங்க. ஆள் பாரம் இருந்தாதான் ஒரு ஃபால்ட்டு தெரியும்."

"என்னத்துக்குங்க அவரைப் போய்?" என்றாள் மனைவி.

"அதனாலென்ன மேடம், உக்கார்றதுக்குத்தானே சம்பளம் வாங்குறேன்."

ஒட்டகம் கதவைத் திறந்து உடம்பை மடித்து உள்ளே நுழைந்தார். முழங்கால்கள் முன்பலகையில் இடித்து ஏறக்குறைய மோவாயைத் தொட்டன.

"சீட்ட பின்னால தள்ளிக்கங்க சார்."

அவர் கதவுப் பக்கம் தடவினார். முன்னால், கால்களுக்கிடையில் தடவினார். ஒரு பிடி அகப்பட்டது, இழுத்தார். சாய்மானம் சடாரென்று சாய்ந்து, "ஐயையோ" என்று கூரையைப் பார்த்தபடி மல்லாந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வண்டியில் சீட்டை நகர்த்தும் பிடி, சீட்டுக்கும் நடுப் பெட்டிக்கும் இடையில் விரல் மட்டும் போகிற இடுக்கில் இருக்கிறது. பழகாதவர்களுக்குக் கிடைக்காது. இவர் இந்த சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மீட்டர் முள் நிற்பதைப் பார்ப்பதுபோல அவனுக்கு அது தெரிந்தது.

"இருங்க சார், இருங்க" என்று அவள் ஓட்டுநர் பக்கக் கதவு வழியாகக் குனிந்தாள். சிரிப்பு அடங்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை அந்த இடுக்கில் விட்டாள். தேடவில்லை. பார்க்கவும் இல்லை. ஒரு சொடுக்கு. சீட் வழுக்கிக்கொண்டு கடைசிப் பல்லுக்குப் போய் நின்றது.

முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் விளக்கைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது விளக்கை அல்ல, அவள் கையை. ஆச்சரியப்பட வேண்டிய நேரத்தில் அவன் ஆச்சரியப்படவில்லை. குரலை வைத்தே பொய்யும் மெய்யும் பிரிக்கிறவள் அவள், இதற்குக் குரல்கூடத் தேவைப்படவில்லை.

"கண்டுபிடிச்சாச்சா சார்?" என்றார் ஒட்டகம், எழ முயன்றுகொண்டே.

"ஆச்சு சார். ரொம்ப நன்றி."

அவர் தலையை இடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவள் ஓட்டினாள். பின்னால் தள்ளியபடியே இருந்த சீட்டில், கால் எட்டாத இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய உயரத்துக்கு அந்த இடம் அதிகம். சிவப்பு விளக்கு இருவருக்கும் நடுவில் எரிந்துகொண்டிருந்தது.

"எப்ப தெரிஞ்சுது?" என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"உங்களத்தான். சீட்ட தள்ளுனா லைட்டு வரும்னு எப்ப தெரிஞ்சுது?"

"அன்னிக்கே."

"பாக்கணும்னு சொன்னீங்களே, அன்னிக்கா?"

தலையசைத்தான்.

"ஒட்டகத்தையா நெனச்சீங்க?" சிரிப்பு பாதி வந்து நின்றது. "அந்த மனுஷன் பாவம்ங்க. இடுப்பு ஒடிஞ்சிருக்கும்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "பின்ன யாரு?"

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். ஒரு பூட்டிய கடையின் ஷட்டர் முன்னால். என்ஜினை அணைக்கவில்லை.

"நான்" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"நான்தான் உக்கார்றேன். வர்ற வழியில ஒரு எடத்துல நிறுத்திட்டு, இந்தப் பக்கம் மாறி, சீட்ட பின்னால தள்ளி, கால நீட்டி உக்காருவேன். அங்க ஸ்டியரிங் இடிக்கும். இங்க எதுவும் இடிக்காது. எலி வளையானாலும் தனி வளைம்பாங்கல்ல. அதான்."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மா."

"வீட்டுக்கு வந்து உக்காரலாமே. நான் என்ன பேசிக்கிட்டா இருக்கேன்?"

அவள் கையிலிருந்த வளையலைத் திருகினாள். "நீங்க பேசமாட்டீங்க. பேசாம இருந்தே கேப்பீங்க. ஏன் லேட்டு, ஏன் மொகம் இப்படி இருக்குன்னு. ஆபீஸ்ல கத்துறவங்களுக்கு ஒரு பதில் சொன்னா வெச்சிடுவாங்க. உங்க அமைதிக்கு நான் என்ன பதில் சொல்லியும் முடியல. அதுக்கு முன்னாடி கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வர்றேன். அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் சீட்ட பழையபடி தள்ளி வெச்ச?"

"மறைக்கத்தான்." சட்டென்று சொன்னாள். "அம்மாவுக்காகன்னு சொல்லலாம். ஆனா மறைக்கத்தான். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லையே."

வேறொருவன் இல்லை என்று தெரிந்ததும் மனம் இறங்கும் என்று அவன் நினைத்திருந்தான். இறங்கவில்லை. ஒட்டகமாக இருந்தால் வெறுக்க ஒரு முகம் இருந்திருக்கும். இப்போது அவன் பொறாமைப்பட வேண்டியது ஒரு காலி சீட்டின்மேல். அவள் அங்கே யாரும் இல்லாமல் சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

"ஒண்ணு கேக்குறேன்" என்றாள். "இந்த லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்தா, இடிச்சா அந்தப் பலூன் வருமா?"

அவன் தன் சீட் பெல்ட்டைத் தடவினான்.

"வராதா?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"இந்தப் பக்கத்துக்கா?"

"மொத்தத்துக்கும்."

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மழையில வந்தேன்."

"ஆமா."

"குடைய வெச்சுக்கிட்டு நின்னீங்க. எவ்வளவு அக்கறைன்னு நெனச்சேன்."

அவள் கியரைப் போட்டாள். கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வண்டியைத் திருப்பி நேராகப் பட்டறைக்கு விட்டாள். டிங்கர் பூட்டிவிட்டுப் போயிருந்தான். வயரிங்காரன் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டு, பேட்டரியைக் கழற்றி, சீட்டை நான்கு போல்ட்டும் எடுத்துத் தூக்கி வெளியே வைத்தான். மஞ்சள் பிளக்கின் தளர்ந்த முனைகளை மாற்றினான். ஒயருக்குத் தாராளமாக நீளம் விட்டு, புதுக் கிளிப்பில் கட்டினான். அவள் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டை மறுபடி மாட்டி, கடைசிப் பல்லுக்குத் தள்ளிக் காட்டினான். விளக்கு வரவில்லை.

"இனிமே வராதா?"

"வராது."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கைகளைத் துடைத்துக்கொண்டே நின்றான். துணி கறுத்த பிறகும் துடைத்தான். "எங்க நிறுத்துவ?" என்று கேட்டான். கேட்டதும் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

அவள் டயர்மேலிருந்து இறங்கினாள். "அத மட்டும் கேக்காதீங்க. சொன்னா அது உங்க எடமாயிடும்."

"சரி" என்றான். சீட்டை முன்னால் தள்ள அவன் கை போனது. அவள், "இருக்கட்டும்" என்றாள். இருந்தது.

அடுத்த வாரம் பட்டறைக்கு ஒரு பழைய வண்டி வந்தது. நீண்ட ஓட்டத்தில் மட்டும் எப்போதாவது பேட்டரி விளக்கு எரிந்து அணைகிறதாம். இப்படிப்பட்டதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். டிங்கர் பொழுதுபோகாமல் கூட ஏறிக்கொண்டான். சாயங்கால நேரம். அலுவலகங்கள் விடும் நேரம். மனைவி ஆபீஸிலிருந்து வரும் ரோட்டில் போக வேண்டும் என்று வயரிங்காரன் முடிவு செய்யவில்லை, ஆனால் வேறு ரோட்டிலும் போகவில்லை. பூங்காவின் மதிலோரம், மூடிய பள்ளியின் முன்னால், ஆற்றுப் பாலத்துக்கு முன் மரங்கள் கவிந்த வளைவில், ஓரமாக நின்ற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தான். ஓட்டுநர் சீட் காலியாக, பக்கத்து சீட்டில் தலை மட்டும் தெரிகிறதா என்று பார்த்தான். எல்லா வண்டிகளும் வெறும் வண்டிகளாக இருந்தன.

"டேய்" என்றான் டிங்கர். "லைட்டு வந்துட்டுப் போச்சே. பாத்தியா?"

"எப்ப?"

"இப்பதான். அந்த வளைவுல. நல்லா எரிஞ்சுதுடா."

"பாக்கல."

"பாக்கலயா?" டிங்கர் அவனைப் பார்த்தான், பிறகு அவன் பார்த்துக்கொண்டிருந்த ரோட்டோரத்தைப் பார்த்தான். "திருப்புடா வண்டிய" என்றான் மெதுவாக. "இந்தப் பக்கம் நமக்கு வேல இல்ல."

அவன் இண்டிகேட்டரைப் போட்டான். எதிரே வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவை போகும்வரை காத்திருந்து, திருப்பினான்.